2,200 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாக்ஸ்டர்

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்றிருந்த கார் ஸ்டீயரிங் மட்டத்துக்கு மூழ்கிப்போனது. காப்பீட்டு நிறுவனம் அதை முழுச் சேதம் என்று முடிவுகட்டி, ஜனவரிக் கடைசியில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்துச் சென்றது. காலியான அந்த இடத்தில் இன்னொரு சாதாரணக் கார் வந்து நிற்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் பழைய கார்களைத் தேட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் இரவு எங்கெங்கோ சுற்றி, தெற்கு தில்லியில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த 2010ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டரின் முப்பத்து நான்கு படங்களில் போய் நின்றேன். வெள்ளி நிறம், கறுப்புத் துணிக்கூரை, 31,400 கிலோமீட்டர், 26 லட்சம் ரூபாய்.

ஆசைக்கு நியாயம் கற்பிக்கும் வேலையை இங்கே செய்யப்போவதில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன். காதை அடைத்த அந்த ஓசையும் பெட்ரோல் வாசனையும் நாற்பது வருடமாக உள்ளே எங்கோ கிடக்கின்றன. பாக்ஸ்டர் இரண்டே பேர் உட்காரக்கூடிய வண்டி. இருபக்கமும் படுத்த நிலையில் ஆறு சிலிண்டர்களைக் கொண்ட அதன் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னாலும் பின்சக்கர அச்சுக்கு முன்னாலும் அமைந்திருப்பதால், பாரம் நடுவில் விழுந்து, வளைவுகளில் வண்டி ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றியே திரும்புவதுபோல் இருக்கும். சென்னைச் சாலைகளில் இதற்கெல்லாம் என்ன பயன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் மனைவி அப்படிக் கேட்கவும் இல்லை. "முதல்ல வீட்டுக்கு ஒரு வண்டி வாங்குங்க. மிச்சம் உங்க பாடு" என்றாள். பத்து நாளில் ஒரு பழைய ஹாட்ச்பேக் வந்து சேர்ந்தது. அதன்பிறகு நானும் என் சேமிப்பும் அந்த முப்பத்து நான்கு படங்களும்தான்.

தெற்கே இதே வயதுள்ள பாக்ஸ்டருக்குச் சொல்லப்பட்ட விலைகளோடு ஒப்பிட்டால் 26 லட்சம் கணிசமாகக் குறைவு. அதன் காரணத்தில் ரகசியம் எதுவுமில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகளாலும், 2018இல் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்ததாலும், தில்லி தலைநகர் வட்டாரத்தில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளும் பதினைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்பதே அப்போதைய நிலை. 2010 மார்ச்சில் பதிவான இந்தக் காருக்கு 2025 மார்ச்சோடு அங்கே காலம் முடிந்துவிட இருந்தது. அதற்குள் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அதற்கு மறுவாழ்வு உண்டு. தமிழ்நாட்டில் பதினைந்து ஆண்டு முடிந்த பிறகும் எஃப்சி என்ற தகுதிச் சான்று காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். தில்லி நம்பர் பலகையோடு தெற்கே வரும் பல வண்டிகளின் கதை இதுதான்.

ஆனால் அந்த மலிவு சென்னைக்கு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஓட்டினால் அந்த மாநிலத்தின் பதிவெண் வாங்கியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பதிவெண் வேண்டுமென்றால் வாழ்நாள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு அந்த வரியை உயர்த்தியபோது, 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய கார்களுக்கு 20 சதவீதம் என்று ஆனது. பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், கணக்குக்கு அடிப்படை நாம் கொடுக்கும் விலை இல்லை, அந்தக் கார் புதிதாக விற்றபோது போடப்பட்ட விலை. நான் விசாரித்த ஆர்டிஓ ஏஜென்ட் ஐந்து லட்சத்தை ஒட்டி வரும் என்றார். மூடிய லாரியில் ஏற்றிவர எண்பதாயிரம் கேட்டார்கள். டயர், பேட்டரி, எல்லா எண்ணெய்களையும் மாற்றும் முதல் சர்வீஸ் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டியபோது 34 லட்சத்தைத் தொட்டது. தூரத்து மலிவைப் பார்ப்பவர்கள் முதலில் போட வேண்டிய கூட்டல் இது. நான் நான்காம் நாள்தான் போட்டேன்.

விற்பவரை அழைத்தேன். ஏற்றுமதித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டிய குரல், அவசரம் தெரியாத பேச்சு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மட்டும் எடுத்து, குருகிராம் வரை போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதுதான் அந்தக் காருக்குத் தாம் கொடுத்த வேலை என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் ஆபத்து என்பதும் அப்போதே தெரிந்தது. அவரும் என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தார். பெயர் மாறும்வரை பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், விபத்து நேர்ந்தால் இழப்பீடு அவர் தலையில்தான் விடியும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் முழுப் பணமும் வந்து, படிவங்களில் கையெழுத்தாகி, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதைப் பார்த்த பிறகுதான் வண்டியை லாரியில் ஏற்றவிடுவேன் என்றார். இத்தனை எச்சரிக்கையுள்ளவர் ஏமாற்ற மாட்டார் என்று மனம் உடனே ஒரு முடிவுக்குத் தாவியது. எச்சரிக்கைக்கும் நேர்மைக்கும் இடையே அப்படியொரு நேர்வழி கிடையாது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள எனக்கு ஒரு இரவு தேவைப்பட்டது.

ஆர்சி என்ற பதிவுச் சான்றிதழின் படத்தை அனுப்பச் சொன்னேன். அதில் முதலில் தேடியது, இன்ஜினின் கொள்ளளவைச் சொல்லும் 'கன அளவு' என்ற இடத்திலுள்ள எண்ணைத்தான். 2893 என்று இருந்தது, மூச்சு வந்தது. 1997இலிருந்து 2008 வரை வந்த பாக்ஸ்டர் இன்ஜின்களுக்குள் இடைநிலைத் தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து உடைந்தால் அதன் துணுக்குகள் எண்ணெயில் கலந்து, இன்ஜினே போய்விடும். எல்லா வண்டிகளிலும் அது உடைவதில்லை, குறிப்பிட்ட சில ஆண்டுகளின் வண்டிகளில் அபாயம் அதிகம், கடைசியாக வந்த பெரிய பேரிங்கில் குறைவு. ஆனால் அந்தப் பெரிய பேரிங்கை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை முழுக்கப் பிரித்தாக வேண்டும். 2009 மாடலில் போர்ஷே இன்ஜினையே புதிதாக வடிவமைத்தபோது அந்தத் தண்டும் பேரிங்கும் இல்லாமல் போயின. பழையது 2.7 லிட்டர், புதியது 2.9 லிட்டர்; ஆகவே ஆர்சியில் 2687 என்றிருந்தால் பயம், 2893 என்றிருந்தால் நிம்மதி. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஓர் இன்ஜினின் உள்ளுறுப்பைப் பார்க்க ஒரு நான்கிலக்க எண் போதும் என்பது எனக்கு அன்று பெரிய வியப்பாக இருந்தது.

சேசிஸ் எண்ணும் சரியாக இருந்தது. பத்தாவது இடத்தில் 2010ஐக் குறிக்கும் 'ஏ' இருந்தது. பதினொன்றாவது இடத்தில் இருந்த 'யு', வண்டி ஜெர்மனியில் இல்லாமல் பின்லாந்தின் ஊசிகௌபுங்கியில் தயாரானது என்றது. 1997 முதல் 2011 வரை பாக்ஸ்டர்களைப் போர்ஷேக்காக ஒரு பின்லாந்து நிறுவனம் அங்கே செய்துகொடுத்தது. பனி நாட்டில் பிறந்து, தில்லிப் புழுதியில் வளர்ந்து, வேளச்சேரி வெள்ளத்துக்கு வரப்போகும் ஜீவன். கடன் பாக்கி ஏதும் இல்லை. உரிமையாளர் வரிசை எண் 2 என்று இருந்தது. இவர் 2018இல் வாங்கியவர். அந்த 2ஐ நான் பார்த்தேன், கடந்து போனேன்.

அடுத்து ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருந்தது. சித்தப்பா மகன் தில்லி முனிர்காவில் இருக்கிறான். வங்கி வேலை, காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது ஒரு வகையில் நல்லது என்று நினைத்தேன். படங்களில் இல்லாதவற்றின் பட்டியலை அவனிடம் கொடுத்தேன். முப்பத்து நான்கு படங்களும் சாயங்கால வெளிச்சத்தில், கழுவிய ஈரத்தோடு எடுக்கப்பட்டவை. வண்டியின் அடிப்பாகம், டயர்களின் தயாரிப்புத் தேதி, இருக்கைக்கு அடியிலுள்ள கம்பளம் ஆகிய மூன்றும் எதிலும் இல்லை. கம்பளத்தை நான் கேட்டதற்குக் காரணம் சொந்த அனுபவம்தான். மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் வண்டல் ஒட்டியிருக்கும். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறி, தில்லியின் தாழ்வான பகுதிகள் மூழ்கின அல்லவா? அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்றும் விற்பவரிடம் கேட்டுவைத்திருந்தேன். முதல் மாடிக்கு ஏறும் சரிவில் என்றார்.

சனிக்கிழமை காலை தம்பி போனான். சைலன்ஸர் வாயில் கையை வைத்துச் சூடு இல்லை என்று கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முன்கூட்டியே சூடாக்கிவைத்த இன்ஜின் எந்த நோயையும் காட்டாது. படுத்த சிலிண்டர் இன்ஜின்கள் பல நாள் நின்றுவிட்டுக் கிளம்பும்போது லேசாகப் புகைவது சகஜம். வெள்ளைப் புகை திரண்டு, நிற்காமல் வந்தால்தான் எண்ணெயைக் காற்றிலிருந்து பிரிக்கும் பாகம் கெட்டிருக்கிறது என்று பொருள். காணொளியில் ஒரு சின்னப் புகை வந்து உடனே கலைந்தது. பிறகு அந்த ஓசை. நான் மூன்று முறை கேட்டேன். சமையலறையிலிருந்து, "அது என்ன, மிக்ஸியா?" என்ற குரல் வந்தது.

"அண்ணா, வண்டி பளபளன்னு இருக்கு. மாமா ரொம்ப நல்லவரா இருக்காரு, பரோட்டா எல்லாம் போட்டாங்க" என்றான் தம்பி. அதைக் கேட்டபோதுதான் ஒன்று உறைத்தது. நான் நேரில் போயிருந்தால் அந்தப் பரோட்டாவை நானும் தின்று, கூரையைத் திறந்து ஒரு சுற்று போய்வந்து, அன்று மாலையே டோக்கன் முன்பணம் கொடுத்திருப்பேன். இந்த வயதில் என்னைப் பற்றி அவ்வளவாவது எனக்குத் தெரியும்.

தம்பி அனுப்பியவற்றில் பின் டயரின் பக்கவாட்டை நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. நீள்வட்டக் கட்டத்துக்குள் 2217 என்று நான்கு இலக்கம். 2017ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரம் தயாரானது. ஏழு வயதை நெருங்கும் டயர், வந்ததும் மாற்ற வேண்டும் என்று என் கூட்டல் தாளில் ஒன்றரை லட்சம் எழுதியதோடு அந்தப் படத்தை மூடிவிட்டேன்.

கடைசிக் கட்டமாக, விற்பவருக்கோ எனக்கோ வேண்டியவர் என்று சொல்ல முடியாத ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டச் சொன்னேன். செலவு என்னுடையது. விற்பவர் தயங்காமல் எடுத்துப்போனார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தயங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பட்டறையிலிருந்து பதினொரு பக்கம் வந்தது. முன் சஸ்பென்ஷனில் ஒரு புஷ் போயிருக்கிறது, கூரைத் துணிக்குப் பின்னால் மழைநீர் வடியும் துளைகளில் சருகு அடைத்திருக்கிறது, வேகத்தடையில் உரசிய தழும்பு அடியில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பதாம் பக்கத்தில், இன்ஜினை இயக்கும் கணினியிலிருந்து எடுத்த தகவல் தாள் இருந்தது. போர்ஷே கார்களில் இன்ஜின் அதன் வரம்பை மீறிச் சுழன்றதா, எத்தனை முறை, இன்ஜின் எத்தனையாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது என்பதை அந்தக் கணினி எழுதிவைத்துக்கொள்கிறது. கியரைத் தவறாகப் போட்டு இன்ஜினை வதைத்தவர்களைக் கண்டுபிடிக்க வாங்குபவர்கள் இதைப் பார்ப்பார்கள். இது பிடிகே என்ற தானியங்கி கியர் உள்ள வண்டி என்பதால் அப்படிப்பட்ட தவறை அது அனுமதிக்காது. எதிர்பார்த்தபடியே எல்லாம் சுத்தமாக இருந்தது. அதே தாளின் அடியில் இன்ஜின் மொத்தம் ஓடிய நேரம் என்று ஒரு வரி: 2,140 மணி.

அந்த வரியை யாரும் எனக்குக் குறித்துக் காட்டவில்லை. ஏதோ கை அரிப்பில் 31,400ஐ 2,140ஆல் வகுத்தேன். மணிக்குக் கிட்டத்தட்ட பதினான்கேமுக்கால் கிலோமீட்டர்.

தினமும் அலுவலகம் போகும் நகரத்துக் காருக்கே சராசரி இருபது, இருபத்தைந்து வரும். ஞாயிறு விடியற்காலையில் காலிச் சாலையில் மட்டும் ஓடிய வண்டிக்கு நாற்பதாவது வர வேண்டாமா? உடனே விற்பவரை அழைத்தேன். சிறிது நேரம் யோசித்து, பேட்டரி இறங்காமலிருக்க டிரைவர் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஸ்டார்ட் செய்து நிறுத்திவைப்பது வழக்கம் என்றார். நம்பத்தகுந்த பதில்தான். போனை வைத்துவிட்டு, சர்வீஸ் ரசீதுகளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

ரசீதுகள் 2015 ஆகஸ்ட் வரை ஒழுங்காக இருந்தன. அன்று மீட்டர் 24,600. அடுத்த ரசீது 2018இல், இவர் வாங்கிய பிறகு. முதல் ஐந்தரை ஆண்டுகளில் வண்டி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சராசரியில் ஓடியது என்று வைத்துக்கொண்டால் 984 மணி நேரம் ஆகியிருக்கும். மிச்சம் 1,156 மணி. அந்த நேரத்தில் மீட்டர் ஏறியதோ 6,800 கிலோமீட்டர்; மணிக்கு ஆறுகூட இல்லை, வேகமாக நடக்கிற மனிதனின் வேகம். வெறுமனே ஸ்டார்ட் செய்து நிறுத்திவைத்ததுதான் காரணம் என்றால், எட்டரை ஆண்டுகள், வாரம் தவறாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த இன்ஜின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்படி எவரும் செய்வதில்லை. மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். கிலோமீட்டரைக் குறைத்தவர்களுக்கு, இன்னொரு மூலையில் இன்னொரு எண் மணிக்கணக்கை எண்ணிக்கொண்டிருப்பது தெரியவில்லை, அல்லது அதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றிரவு விற்பவர்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பரோட்டா, விடியற்காலைத் தேநீர், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாமே ஒரு நாடகத்தின் காட்சிகளாகத் தெரிந்தன. மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். பள்ளியில் கணக்கு எடுப்பவள். என் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துவிட்டு, "இவரு வாங்கினது எப்போ?" என்று கேட்டாள். 2018 என்றேன். "அப்போ மீட்டர் எவ்வளவு?" தெரியாது. முதல் உரிமையாளர், இரண்டாம் உரிமையாளர் என்று இருவரைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆர்சியில் நான் கடந்துபோன அந்த 2 அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

காலையில் கேட்டேன். ஏறத்தாழ 25,200 என்றார். அந்த எண்ணை வைத்து மறுபடியும் போட்டபோது படம் மாறிவிட்டது. இவர் ஓட்டியது 6,200 கிலோமீட்டர். எவ்வளவு மெதுவாக ஓட்டியிருந்தாலும், டிரைவரின் வாராந்திர அரை மணி நேரத்தைச் சேர்த்தாலும், நானூறு மணிக்குள் அடங்கிவிடும். மீதி எழுநூற்றைம்பது மணிக்கு மேல் 2015க்கும் 2018க்கும் நடுவில் விழுகிறது. அந்த மூன்று ஆண்டுகளில் மீட்டர் காட்டுவது அறுநூறு கிலோமீட்டர். அப்போதுதான் 2217 ஞாபகம் வந்தது. மூன்று ஆண்டில் அறுநூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காருக்கு 2017இல் புதிய பின் டயர்கள் எதற்கு?

உண்மையில் அந்த வண்டி ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். ஐம்பதாயிரம் ஓடிய பாக்ஸ்டர் மோசமான வண்டி இல்லை. அப்படியே சொல்லி, ரசீதுகளோடு விற்றிருந்தால் இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டு வாங்கியிருப்பேன். என்னைத் தடுத்தது அந்த மூன்று ஆண்டுகளின் வெற்றிடம். எண்ணெய் எப்போது மாற்றினார்கள், இன்ஜின் சூடேறி நின்றதா, எங்காவது மோதியதா என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வேளச்சேரியிலேயே நிற்கும் வண்டியாக இருந்தால், தெரிந்த மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு துணிந்திருக்கலாம். லாரியிலிருந்து இறங்கும் நாளில் முழுப் பணமும் கொடுத்து முடித்திருக்கும், திருப்பி அனுப்ப வழி இருக்காது.

வேண்டாம் என்று சொல்ல அழைத்தபோது காரணத்தை மறைக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். கணக்கை முழுவதும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், அந்தத் தாளில் எந்த வரி, எப்படி வகுத்தீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். ஒன்பதாம் பக்கத்தைப் படமெடுத்து, வரியைச் சுற்றி வட்டமிட்டு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. 2018இல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எடுத்தது. ஸ்டீயரிங்கில் செண்டுமல்லிச் சரம் சுற்றியிருந்தது. அதன் இடைவெளியில் மீட்டர் தெரிந்தது, 25,212. படத்துக்குக் கீழே அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை.